செத்தவர் குரலில் கூப்பிட்டவர்

டப்பிங்காரருக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். வீட்டில் அதட்டினால் வில்லன் குரல், கெஞ்சினால் கதாநாயகன் குரல். மனைவிக்குப் பழகிப்போயிற்று. மகளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குப் பிடித்த பையனைப் பெற்றவர்கள் கல்யாணம் பேச வந்த அன்றைக்கு மனுஷனுக்கு ஒரே படபடப்பு. வாயைத் திறந்தால், அவர் உயிராக நினைத்த ஒரு பெரிய நடிகரின் கம்பீரக் குரல் வந்து தொலைத்தது. நக்கல் பண்ணுகிறார் என்று வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

சொந்தமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போனவள்தான். அதன்பிறகு போன் பேச்செல்லாம் அம்மாவோடு மட்டும். இவருக்கும் வீம்புக்குக் குறைச்சலில்லை. பெற்றவன் எதற்கு இறங்கிப் போகணும் என்று முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

இதற்கிடையே அந்த நடிகருக்குத் தொண்டையில் நோய் வந்து குரல் போய்விட்டது. கடைசிப் படத்தில் அவருக்காகப் பேச இவரைக் கூப்பிட்டார்கள். நடிகருக்குக் குரல் போனதையும் இவர் பேசுவதையும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று தயாரிப்பாளர் வாக்கு வாங்கிக்கொண்டார். படத்தில் ஒரு கட்டம், கோபித்துக்கொண்டு போன மகளுக்கு அப்பா போன் பண்ணுகிறார். “வீட்டுக்கு வந்துடும்மா. யார் மேல தப்புன்னு அப்புறமா பேசிக்கலாம்.” இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் அசையும் உதட்டைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னபோது இவருக்குத் தன் மகள் முகம் வந்து நின்றது. குரல் பிசிறிவிட்டது. இன்னொரு டேக் போகலாமா என்றார். சவுண்ட் இன்ஜினியர் கண்ணைத் துடைத்தபடி வேண்டாம் என்று கையாட்டினார்.

படம் வெளிவந்த கையோடு நடிகர் இறந்துபோனார். எந்த சேனலைத் திருப்பினாலும் அந்த இரண்டு வரிதான். மனுஷன் என்னமாய் உருகியிருக்கிறார், நீங்களும் இருக்கிறீர்களே என்று மனைவி மூக்கை உறிஞ்சினாள். இவருக்கு அழுகை வந்தது, அழ முடியவில்லை. அவரை நினைத்து அழ உட்கார்ந்தால் டிவியில் தன் குரலல்லவா கேட்கிறது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வாரக் கடைசியில் மகள் வாசலில் வந்து நின்றாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அவர் பேசினதைக் கேட்டேன், பஸ் ஏறிட்டேன். யாரோ ஒரு நடிகர் கூப்பிட்டு நான் வரவேண்டியிருக்கு. நீங்க ஒரு தடவையாவது கூப்பிட்டீங்களாப்பா?”

வாக்காவது மண்ணாவது. “அது நான் பேசினதும்மா” என்று சொல்லிவிட்டார்.

மகளின் முகம் சுண்டிப்போனது. “செத்தவர் பேசினதையும் விடமாட்டீங்களா?” என்றபடி கீழே வைத்த பையை மறுபடி எடுத்தாள்.

நிரூபிக்க ஒரு நொடி போதும். அந்தக் குரல் தொண்டைக்குழி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குரலில் பேசித்தானே அவள் கல்யாணத்தைக் கெடுத்தார்? இப்போதும் பேசினால், செத்தவரை வைத்து வித்தை காட்டுவது போலாகிவிடும். விழுங்கிக்கொண்டார்.

“நானே கூப்பிட்டிருக்கணும்மா. எனக்குக் கூப்பிடத் தெரியல. இரு, போகாத” என்றார். கீச்சென்ற, எந்தப் படத்துக்கும் ஆகாத குரல். அவருக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

மகள் போகவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை.

“இதைச் சொல்ல ஒருத்தர் சாகணுமாப்பா?” என்று கேட்டாள்.