என் கோர்ட்டில் நட்ட பந்தல்கால்

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் பேஸ்கட்பால் கோச்சாக இருந்தேன். வெளியில் போட்டுத் திரியும் செருப்போடு யாரையும் என் கோர்ட்டில் கால் வைக்க விட்டதில்லை. எங்கள் மகளின் ரிசப்ஷனை அங்கே வைக்கலாமா என்று மனைவி ஆசையாகக் கேட்டாள். "பந்தல்கால் நட்டா தரை பாழாயிடும்"னு ஒரே பேச்சில் மறுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

எனக்கு நடந்த பிரிவு உபசார விழாவுக்குத்தான் வந்தாள். போய்ப் பார்த்தால், பந்தல் கோர்ட்டிலேயே நிற்கிறது! பிள்ளைகள் நின்று பந்து போட்டுப் பழகும் கோட்டிலேயே சிமென்ட்டைத் துளைத்து ஒரு கம்பம். பக்கத்தில் சாம்பார் சிந்தி, மிதிபட்டுக் கிடந்தது.

"என்ன சார் இது?" என்றேன் பிரின்சிபாலிடம்.

"அதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே, இனிமே உங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கவலை? ஜாலியா கிரிவலம் போங்க" என்று சிரித்தார்.

அதே ஆள் பூட்ஸ் காலோடு மைக்கைப் பிடித்து, "இந்தத் தரையைக் கோயிலா மதிச்சவரு நம்ம கோச்"னு உருகினார். கைதட்டலைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது.

என்னையும் மனைவியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ரிசப்ஷனைச் சொல்லிக்காட்டப் போகிறாள் என்று பயந்தேன். அவளோ கோர்ட் ஓரத்தில் செருப்பைக் கழட்டி வைத்துவிட்டு, அந்தச் சாம்பார் தரையில் வெறுங்காலோடு நடந்தாள்.

அத்தனை கூட்டத்தில் என் பேச்சை மதித்தது அவள் ஒருத்திதான். குனிந்து பார்த்தேன். என் காலிலும் புது பூட்ஸ்.