சிவப்பியின் குளம்புகளுக்கு ஐஸ் வாங்கியவள்

ஆறுமுகத்தாய் போராடிச் சம்பாதித்தவை கொஞ்சமல்ல. பொம்பளை கடிவாளம் பிடித்தால் ஊர்வலம் விளங்குமா என்று கேட்ட கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில், காதுகுத்து வீட்டார் எல்லோரும் அவளுடைய மட்டக்குதிரை சிவப்பியையே கேட்கும்படி செய்தாள். சாண நாற்றம் என்று மல்லுக்கு நின்ற தெருவிலேயே தகரக் கொட்டகை போட்டாள். இனி தேறாது என்று மற்றவர்கள் கைவிட்ட குதிரையின் கால்களை மீட்டாள். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிது.

2025 மாட்டுப்பொங்கலன்று தெருவே சிவப்பிக்கு விருந்து வைத்தது. மாட்டுக்கு உண்டானது குதிரைக்கும் உண்டு என்று வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கல், கரும்புத் துண்டு, வாழைப்பழம். ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாமென்றால் மனம் கோணுமே என்று ஆறுமுகத்தாயும் தடுக்கவில்லை. மறுநாள் காலை சிவப்பி முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து நின்றது. குளம்பு தோசைக்கல்லாகச் சுட்டது.

ஊர்வலங்களைப் பேசிவிடும் தரகர் இசக்கிதுரைதான் முதலில் வந்தார்.

"வாதம் பிடிச்சிருக்கு தாயி. வாய்க்கா கரையில நாலு சுத்து ஓட்டு, தன்னால விட்டுரும்" என்று கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஓரடி வைத்ததுமே சிவப்பிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஆறுமுகத்தாய் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முள்ளு குத்தின காலோட நீங்க நாலு சுத்து ஓடிக் காட்டுங்க அண்ணாச்சி. பொறவு நான் இத ஓட்டுதேன்."

"வாயப் பாரு! தை மாசம் பூரா ஊர்வலம் ஒத்துக்கிட்டிருக்கேன். இது வந்து நிக்கலன்னா வேற குதிரைதான். அப்புறம் ஒனக்குத் தொழில் கெடையாது, பாத்துக்க."

பாளையங்கோட்டையிலிருந்து கால்நடை மருத்துவர் ஜெமிமா வந்தார். குளம்புக்கு மேலே விரல் வைத்துத் துடிப்பைப் பார்த்தார்.

"குளம்புக்குள்ள சதை வீங்கியிருக்கலாம். லாமினைட்டிஸ்னு பேரு. நேத்துத் தின்ன இனிப்பு செஞ்ச வேலை. எக்ஸ்ரே படம் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா அதுதான்னு வச்சு இப்பவே வைத்தியம் பாக்கணும். உள்ள எலும்பு சரிஞ்சிட்டா எந்திரிக்காது. நடத்தவே கூடாதும்மா. குளம்பு ஐஸிலேயே இருக்கட்டும். தானியம், பச்சைப்புல் எதுவும் வேண்டாம்."

வலிக்கு மருந்தும் கொடுத்துவிட்டுப் போனார். ஐஸுக்கு எங்கே போவது? புன்னக்காயல் மீனை வண்டியில் கொண்டுவந்து விற்கும் ஹென்றியைத் தெருமுனையில் மறித்தாள்.

"மீனு வேண்டாம், ஐஸ் மட்டும் தாங்க."

"என்ன அக்கா, குதிரைய வித்துட்டு சர்பத் கடை போடப் போறியளா?" என்று சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் ஒரு பெட்டி ஐஸை அப்படியே இறக்கிவிட்டார். அதன் பிறகு தினமும் வந்தார்.

இரண்டு தொட்டிகளில் ஐஸும் தண்ணீரும். அதற்குள் சிவப்பியின் முன்னங்கால்கள். கொட்டகை முழுக்கச் சாளை மீன் வாடை.

"ஏட்டி, குதிரைக்கா குழம்பு வைக்கே?" என்று அக்கா ஞானம்பாள் மூக்கைப் பொத்திக்கொண்டே தண்ணீரை மாற்றினாள்.

சூடு இறங்கியது. ஆனால் நோவு லேசில் விடவில்லை. அரிசி ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து மெத்தையாகப் பரப்பினாள். காய்ந்த புல்லை அதிலுள்ள சர்க்கரைச் சத்து இறங்க ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டாள். மருத்துவர் காட்டிய அளவுக்கு மட்டும் லாடக்காரர் மீரா முகைதீன் குளம்பைச் சீவினார். தை, மாசி ஊர்வலங்கள் வேறு குதிரைக்குப் போயின. "கெடைச்ச வெலைக்குத் தள்ளிரு தாயி" என்று இசக்கிதுரை ஆள் அனுப்பினார். வந்தவனுக்கு மோர் கொடுத்து வழியனுப்பினாள்.

கொட்டகையை விட்டு நகர முடியாத அந்த நாட்களில்தான், ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஞானம்பாள், கைநாட்டு மட்டுமே தெரிந்த தங்கைக்குத் தகரச் சுவரில் சாக்பீஸால் எழுத்துகளை எழுதிக் காட்டினாள். "சும்மா குதிரை மூஞ்சியவே எத்தன நாளைக்குப் பாப்ப? எழுதுட்டி." ஆறுமுகத்தாய் எழுதினாள், கோணலாக, பிறகு நேராக.

ஆனி மாதம் சிவப்பி நொண்டாமல் நடந்தது. ஆடி முடிந்ததும் இசக்கிதுரை தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அந்த வாடகைக் குதிரை மேளச் சத்தத்துக்கு மிரண்டு, தாய்மாமனத் தள்ளிட்டுது தாயி. ஆவணி காதுகுத்துக்கெல்லாம் சிவப்பியத்தான் கேக்காங்க."

"டாக்டரம்மா சரின்னு சொன்னா வாரோம் அண்ணாச்சி."

ஜெமிமா கெட்டியான தார்ச்சாலையில் சிவப்பியை நடக்கவிட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான்கு குளம்புச் சத்தமும் ஒரே சீராகக் கேட்டது. வேலைக்குத் தகுதி என்று சான்று எழுதினார். அவருடன் வந்த உதவியாளர் மை டப்பாவைத் திறந்து நீட்டினார். ஆறுமுகத்தாய் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு, பேனா கேட்டாள். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். அன்று 2025 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை.