தனியே நிற்கும் கொம்பு

போன வாரம் அடையாறில் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். அடுத்து உள்ளே போக வேண்டியவர்களின் பெயர்கள் சுவரில் இருந்த திரையில் தமிழில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா பொறுமை இழந்து, "எனக்கு அப்புறம் வந்தவங்கல்லாம் உள்ள போய்க்கினு கீறாங்க. கோமளான்னு இன்னும் வரவேயில்ல" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பெயரின் முதலில் இரட்டைக்கொம்பு மட்டும் தனியாக நின்றது. அதை ஒட்டிப் புள்ளிகளால் வரைந்த வெற்று வட்டம். சேர வேண்டிய எழுத்தைக் காணோம் என்று கணினி போடும் குறி அது. அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், படுத்த படுக்கையான அப்பாவைக் கவனிக்க வேலையை விட்டுவிட்டு இருந்தவர். தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காக நிற்க வைக்கும் நிரல் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார். 'கெ' எழுதும்போது நாம் கொம்பைத்தான் முதலில் போடுகிறோம். கணினிக்குள்ளே ககரம் முன்னால், கொம்பு பின்னால். திரைக்கு வரும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். அந்த இவ்வளவில்தான் அக்காவின் வயது கரைந்தது. ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும், பேச்சை நிறுத்திக்கொள்வார். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

நான் வேலை பார்த்த நிறுவனம் தி.நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. இப்படிப் பொதுவில் கிடைக்கும் நிரல்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கட்டி, கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விற்போம். அக்காவின் நிரலை உருவிவிட்டால் எங்கள் தொகுப்பில் தமிழே கிடையாது. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். கணினிகளின் அடித்தளமான இயங்குதளம் மாறிக்கொண்டிருந்தது. நிரலை அதற்கேற்ப மாற்றி எழுதாவிட்டால் கொம்புகள் உடையும். வாரத்தில் ஒரு நாள் ஓர் ஆளைக் கொடுத்தால் போதும். "ஒத்த ஆளா முடியல தம்பி. அப்பாவத் திருப்பிப் படுக்க வெக்கறதுக்குள்ளயே கை வுட்டுப் போவுது. உங்க எம்.டி. கைல சொல்லிப் பாரேன்."

எம்.டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்னு அவங்கதானல்லா எழுதி வச்சிருக்காங்க? நாம ஊரெல்லாம் கொண்டு சேக்கோம். கடைக்காரன் திட்டுனா வாங்கிக்கிடது யாரு? அதுவும் பங்குதான்" என்றார். அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்காவுக்குப் போக வேண்டிய வசவுகளை நாங்கள்தான் வாங்கிக்கொண்டோம். ஆனால் எல்லாரும் கிணற்றில் இறைத்துக்கொண்டே இருந்தால் தூர் வாருவது யார் சார் என்றேன். "நாம மட்டுமா இறைக்கோம்?" என்று கேட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது. எந்தப் பிழையைக் கண்டாலும் 'நம்ம காப்பி'யில் மட்டும் திருத்திக்கொள்வோம். எழுதியவருக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம். அனுப்பினால் போட்டிக் கம்பெனிக்கும் போய்விடுமாம். கொம்பு உடையாமல் இருக்க அக்கா மாதக்கணக்கில் தேடிய வழியை எங்கள் ஆள் ஒருவன் கண்டுபிடித்து, அது நம்ம காப்பியில் சத்தமில்லாமல் கிடந்தது. தெரிந்ததும் எம்.டி.யிடம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் "குடுத்துத் தொலையும்வே" என்றார். மந்தைவெளிக்குப் பறந்தேன். அக்கா ஆசையாகத் திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது. திருத்தத்தின் மேல் திருத்தம் ஒட்டி, நாங்கள் வைத்திருந்தது அவர் எழுதியதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றாகியிருந்தது. அதிலிருந்து எதைப் பிய்த்தாலும் அவருடையதில் பொருந்தவில்லை. "இது என் வூடே இல்ல தம்பி. கதவு எங்க கீதுன்னே தெரியல" என்று சிரிக்கப் பார்த்தார். ஒரு ரயில் போனது. அது போனதும் எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனார்.

அப்பா இறந்த பிறகு, என்னால் இனி முடியாது, பொறுப்பை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொதுவில் எழுதிவிட்டார். ஒருவரும் வரவில்லை. யார் எடுத்துக்கொண்டார்கள் என்று எம்.டி. கேட்டார். யாரும் இல்லை என்றேன். "அதெப்படி? இத்தன கம்பெனி வச்சிப் பொழைக்கான், ஒருத்தன் கூடவா வரல?" நிஜமாகவே அதிர்ந்து போயிருந்தார். எனக்கு அழுவதா அவர் சட்டையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த மாதமே அந்த வேலையை விட்டேன். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

மருத்துவமனை நாற்காலியிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். அடக்க முடியவில்லை. "அக்கா, இங்க திரையில கொம்பு ஒடஞ்சு கெடக்கு."

"எந்த வெர்ஷன்?" என்றார் சட்டென்று. நான் பதில் சொல்வதற்குள் குரல் மாறிவிட்டது. "வேணாம் தம்பி, சொல்லாத. சொன்னா தேட ஆரம்பிச்சிடுவேன்." போனை வைத்துவிட்டார்.

திரையில் பெயர்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடி வந்தன. கொம்பு, புள்ளி வட்டம், விலகி நிற்கும் 'கா', அப்புறம் 'மளா'. நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "அதாம்மா உங்க பேரு, போங்க" என்றேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் கோபமாகப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. அது எம் பேரு இல்ல."