திட்டிக்கொண்டே திறந்த மடை

களப்பயிற்சிக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் போனபோதுதான் அந்தத் தேவாலயத்து உபதேசியாரைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய கைலி, கழுத்தில் சிலுவை, வாயில் ஓயாத வசவு. அன்று வாய்க்கால் தண்ணீர் அவர் முறை. பொழுது சாய்ந்தால் அடுத்தவருக்குப் போய்விடும். அவரோ முதலில் பக்கத்து வயலின் மடையைத் திறந்துகொண்டிருந்தார். அந்த வயல்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய பால் பிடிக்கும் பயிர் காய்ந்துகொண்டிருந்தது.

"திருட்டுப்பய, எங்க வரப்புல பாதிய வெட்டி முழுங்கிட்டான்!" என்றார், மண்வெட்டியை ஓங்கியபடி.

"அப்புறம் ஏங்கய்யா அவருக்குத் தண்ணி விடுறீங்க?"

"அவனையும் நேசிக்கணும்னு ஆண்டவர் சொல்லிட்டாரே தம்பி. கோவம் தீரட்டும்னு பாத்தா, பயிரு காத்திருக்குமா?"

உபதேசியாரின் சொந்த வயல் பாதி நனைவதற்குள் முறை முடிந்துவிட்டது. அதற்கும் அந்த மனிதரையே திட்டினார். இவ்வளவு சத்தமாக யாரும் யாரையும் நேசித்து நான் பார்த்ததில்லை.