விநாடிக்கு நான்கு மில்லிமீட்டர்

போன மாதம் ஒரு ஞாயிறு, ரோவில் புறநகரிலிருந்து சுகந்தி அக்காவின் மகள் அனுப்பிய செய்தி ஒரே வரி: "அம்மா விடிய எங்களை விட்டுப் போயிட்டா." போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அக்காவை முதியோர் இல்லத்தில் வேலை செய்தவராக அறிவீர்கள். எனக்கு அவர் பல்கலைக்கழக வகுப்புத் தோழி. நாற்பத்தைந்து வயதில் இயற்பியல் படிக்க வந்தவர். வேலைச் சீருடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்வார்.

ஒரு தேர்வில், நூறு ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரானின் வேகத்தைக் கேட்டிருந்தார்கள். வெளியே வந்ததும், "நீ என்ன எழுதினனீ?" என்றார்.

"ஒளிவேகம்தான்க்கா. அதோட எத்தனை பங்குன்னு போட்டா, கால்குலேட்டர்ல ஒண்ணுன்னு வந்துச்சு."

"கல்குலேட்டரில இடம் காணாட்டி அதுக்கு எலெக்ட்ரோன் என்ன செய்யும்? பாரம் இருக்கிற எதுவும் ஒளியைப் பிடிக்காது, பிள்ளை."

அவர் வேகத்தைத் தேடவில்லை. ஒளியைவிட எவ்வளவு குறைவு என்று தேடியிருந்தார். விநாடிக்குச் சுமார் நான்கு மில்லிமீட்டர்.

திருத்திய விரிவுரையாளரின் விடையும் ஒளிவேகம்தான். எனக்கு முழு மதிப்பெண்ணான இரண்டும் கிடைத்தது, அவருடைய விடை அடிக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு மதிப்பெண் குறைந்து தேர்ச்சி தவறியதால், முழுப் பாடத்தையும் அவர் மறுபடி படிக்க வேண்டும். விரிவுரையாளரிடம் இரண்டு முறை போனார். எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். விரிவுரையாளரோடு வாதிடலாம் என்பதே எனக்குத் தெரியாது. கூடப் போகவில்லை.

"நடைமுறையில ரெண்டும் ஒண்டுதானாம்," என்று திரும்பி வந்து சிரித்தார். "ஒண்டெண்டால் எனக்கும் மார்க்ஸ் தரலாம்தானே?"

மூன்றாம் முறை நானும் போனேன். என் விடைத்தாளை மேசையில் வைத்து, இதுதான் தவறு என்றேன். விரிவுரையாளர் வெகுநேரம் கணக்கிட்டார். பிறகு என் இரண்டு மதிப்பெண்ணை அடித்துவிட்டு, அக்காவுக்கு இரண்டு போட்டார்.

வெளியே வந்ததும், பைத்தியக்காரி என்று செல்லமாகத் திட்டினார் அக்கா: "விசரி, உன்ர மார்க்ஸை ஏன் குடுத்தனீ?"

"நீங்கதானே தப்புன்னு சொன்னீங்க?"

"ஓம், சொன்னனான்தான். வா, தேத்தண்ணி குடிப்பம்."

பட்டத்துக்கு ஒரு பருவம் மீதமிருந்தபோது அக்காவுக்கு நோய் வந்தது. இறுதிச் சடங்கில் ஓர் அன்ரி, "பாவம், வயசுபோன நேரத்தில படிக்கப்போய் ஒண்டையும் முடிக்கேல்ல," என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"எடுத்த பாடம் எல்லாத்துலயும் பாஸ் பண்ணினாங்க, அன்ரி. பாவம்னு சொல்லாதீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலைகுனியவில்லை. அவ்வளவு பேர் நடுவே அப்படிப் பேசும் குரல் என்னிடம் பிறவியில் இல்லை. அதைச் சுகந்தி அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். விடுவதாக இல்லை.