வலது பக்கப் புதர்

உலகத்துக் கோல்ஃப் வீரர்கள் எல்லாரும் வரிசையில் நின்று கும்பிட வேண்டிய ஆள் இந்தப் பல் டாக்டர். பந்துக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. கடைவாய்ப் பல்லைச் சின்னக் கண்ணாடியில் பார்த்தே அடைத்துவிடுகிற கை, கோல்ஃப் மட்டையைப் பிடித்தால் யார் பேச்சையும் கேட்காது. நாலு வருஷமாக அடிக்கிறார். பந்து வலது பக்கம் வளைந்துபோய்ப் புதருக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

பதினெட்டுக் குழியையும் ஒரு தடவையாவது மட்டையால் நூறு அடி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அன்று கடைசிக் குழிக்கு வந்தபோது கையில் ஆறு அடி மிச்சமிருந்தது. முதல் அடியே புதருக்குப் போனது. கூட வந்திருந்த மகள் முன்னால் ஓடி, பந்தைக் காலால் நல்ல புல்லுக்குத் தள்ளிவிட்டு, "தப்பிச்சீங்கப்பா, வெளியதான் கிடக்கு" என்றாள்.

அவர் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை நாள்ல நான் உருப்படியாக் கத்துக்கிட்டது ஒண்ணுதாம்மா. என் பந்து எங்க போகும்னு எனக்குத் தெரியும். இங்க நிக்காது."

பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"எங்க இருந்துச்சோ அங்கயே வச்சிடு."