இன்னொரு என். யமுனா

விஜயபுரத்து நாகையாவின் மகள் யமுனா, திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்துச் சீட்டு அடிக்கிறாள். கேட்க அற்பமான வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் எல்லையோர ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வரும் ஜனங்களுக்கு டாக்டரைவிட அவள்தான் முக்கியம். டாக்டர் தெலுங்கில் மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில் கொடுப்பவள் யமுனாதான். 'நம்ம பொண்ணு சீட்டு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே. அவள் வம்சத்தில் கைநாட்டு வைத்தவர்கள்தான் உண்டு, அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

ஒவ்வொன்றையும் முழுதாக அடித்தால் வரிசை தெருவுக்குப் போய்விடும். அதனால் தன் கம்ப்யூட்டரில் சுருக்கங்கள் செய்து வைத்திருந்தாள். 'கா' என்று தட்டினால் சீட்டில் 'காலை சாப்பிட்ட பிறகு' என்று வரும். மூட்டுவாதக்காரர்களின் மஞ்சள் மாத்திரைக்கு 'ஒநா', அதாவது 'வாரத்தில் ஒரு நாள் மட்டும்'. அந்த மாத்திரையைப் பற்றி டாக்டர் அவளைத் தனியாகவே எச்சரித்திருந்தார். வாரத்துக்கு ஒன்று போட்டால் மருந்து, தினமும் போட்டால் விஷம். அவள் திரையில் சுருக்கம் மட்டும்தான் தெரியும். விரிந்த சீட்டு கீழே மருந்து கவுண்டரின் பிரிண்டரில் விழும்.

கேசவ் வந்தது ஆனி மாதத்தில். மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன், கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை, யாரிடமும் குரலை உயர்த்தாதவன். ஒவ்வொருவருடைய செட்டிங்ஸும் அவரவர் கம்ப்யூட்டரிலேயே கிடப்பது ஆபத்து, ஒன்று கெட்டால் எல்லாம் போச்சு, ஆகையால் சித்தூர், பாகாலா கிளைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே மைய டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்றான். "இனிமே நீங்க எந்த சீட்ல உக்காந்தாலும் உங்க செட்டிங்ஸ் உங்க பின்னாடியே வரும்" என்று சிரித்தான். நல்ல யோசனைதான். யார் வேண்டாம் என்பார்கள்?

மறுநாள் யமுனா கம்ப்யூட்டரைத் திறந்தபோது திரையில் ஒரு மயில் நின்றது. அவள் வைத்திருந்தது அலமேலு மங்காபுரக் குளம். எழுத்தும் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. மயில் அழகாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள், எழுத்தை மட்டும் சின்னதாக்கினாள். 'கா' தட்டினாள், இரவுக்கான 'இர' தட்டினாள். கவுண்டரிலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. எங்கோ ஏதோ சரியில்லை என்று அன்று பூராவும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். நம்மையெல்லாம் கெடுப்பது இந்தச் சமாதானங்கள்தான்.

அந்த வாரமே அவளுடைய அத்தை செங்கம்மா முட்டி வலியோடு வந்தாள். வேர்க்கடலைக் கொல்லையில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த முட்டி. டாக்டர் மூட்டுவாதம் என்று மஞ்சள் மாத்திரை சொல்ல, யமுனாவே சீட்டு போட்டாள். கவுண்டரில் அட்டையை வெட்டித் தர மாட்டார்கள். முழு அட்டைகளாக வாங்கி மடியில் கட்டிக்கொண்டு அத்தை பஸ் ஏறினாள்.

அடுத்த மாதம் யமுனா ஊருக்குப் போனபோது அத்தை சுவரோரம் படுத்திருந்தாள். உதடெல்லாம் வெடித்து, கையில் நீலத் திட்டுகள்.

"வாய் பூரா புண்ணு. சோறு துன்ன முடியல. கஞ்சி குட்ச்சிகினு கீறேன்" என்றாள் அத்தை. "சூடுன்னு வெந்தயம் ஊறப்போட்டுப் பாத்தேன், கேக்கல."

"அந்த மஞ்ச மாத்திர எப்போ போட்ட?"

"காலைல தான். தெனமும் தப்பாம போட்டுகினுதான வரேன்."

"தெனமுமா? வாரத்துக்கு ஒன்னுன்னு டாக்டர் சொல்லலயா?"

"தெலுங்குல ஏதோ வாரம்னுதான் சொன்னாரு. ஆனா உன் சீட்ல தெனமும்னு போட்டுகிது. அவரு பேச்ச கேப்பனா, உன் பேச்ச கேப்பனா?"

அரிசிப் பானைக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். 'ஒரு நாளைக்கு ஒன்று' என்று பெரிய எழுத்தில், அழகாக இருந்தது.

ஆட்டோ பிடித்து அத்தையை நேரே வார்டில் சேர்த்தார்கள். ரத்த அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். யமுனா மாடிக்கு ஓடி கேசவின் முன்னால் சீட்டை வைத்தாள். அவன் அவள் பெயரைத் திரையில் திறந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் வெளுத்தது.

"உங்க பேர்ல ரெண்டு மெஷின் இருந்தது, சித்தூர்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. நீங்க சித்தூர்லேர்ந்துதானே மாத்தலாகி வந்தீங்க? ரெண்டும் நீங்கதான்னு நெனச்சு ஒண்ணா சேர்த்துட்டேன். கடைசியா எது மாறியிருக்கோ அதுதான் நிக்கும்."

யமுனா சித்தூரில் வேலை பார்த்ததே இல்லை. அங்கே இருந்தது வேறொரு பெண். யமுனாவின் 'என்' அப்பா நாகையாவிலிருந்து வந்தது, தமிழர் வழக்கம். அந்தப் பெண்ணின் 'என்' நந்தியால என்ற வீட்டுப் பெயரிலிருந்து வந்தது, தெலுங்கர் வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே எழுத்தில் வந்து முட்டிக்கொண்டன. அவளும் தமிழ் நோயாளிகளுக்குச் சீட்டு அடிப்பவள்தான். அவளுடைய 'ஒநா' தினசரி மாத்திரைக்கு, 'ஒரு நாளைக்கு ஒன்று'. மாற்றத்துக்கு முந்தின நாள்தான் ஆசையாக ஒரு மயில் படம் வைத்திருந்தாள்.

மஞ்சள் மாத்திரை வாங்கிப் போனவர்கள் எல்லோருடைய போன் நம்பரையும் எடுத்துத் தரும்படி யமுனா கேசவிடம் சொன்னாள். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

போனை எடுத்தவர்களிடம் மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, கிளம்பி வரச் சொன்னாள். சிலர் எடுக்கவில்லை. நாகலாபுரத்துக் கங்கம்மாள் வீட்டில் அவள் மகன் தீனா எடுத்தான்.

"சீட்டு குடுக்கற அக்காவா?" குரலில் மரியாதை இருந்தது. "அம்மா போய்ட்டாங்கக்கா. போன வெள்ளிக்கெழம காரியம் முடிஞ்சிது. உங்கள ஒரு கொறயும் சொல்ல முடியாது. சீட்ல போட்ட மாதிரியே ஒரு நாள்கூட வுடாம குடுத்தேன். கடைசில முழுங்க முடியல, தண்ணில கரச்சி ஊத்தனேன்."

சொல்லாமல் வைத்துவிடலாம் என்று யமுனாவுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு சொன்னாள்.

"தீனா, அந்த சீட்டு தப்பு. அது என் சீட்டு இல்ல."

காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, அவளுக்குத்தான் ஏதோ குழப்பம் என்பதுபோல், பொறுமையாகச் சொன்னான்.

"இல்லக்கா, உங்க சீட்டு தான். கீழ உங்க பேரு போட்டுகிதே, என். யமுனான்னு."